அரிசி கொடுத்த வீடு வரட்டும்

வண்டிப்பெரியார்,
ஜனவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிற்பகல்.

அன்புள்ள சாமுவேல்,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நீ முழு நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். கடந்த வியாழக்கிழமை, எட்டாம் தேதி, நீ கைபேசியில் அனுப்பிய செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறையும், அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுமுறையும் படித்தேன். “அம்மா அக்காகிட்ட இருக்கட்டும். நீங்க என்கூட வந்துருங்கப்பா. வீட்டைப் பூட்டிச் சாவியைச் செல்வராணி பெரியம்மாகிட்ட குடுத்துருங்க. சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல, போன்ல சொன்னா வாசலுக்கே வந்துரும்.” அதன் கீழே ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமைக்கு எர்ணாகுளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டு. போகிற சீட்டு மட்டும் இருந்தது. திரும்புகிற சீட்டு இல்லை. ஒரு வீட்டின் இரண்டு நாற்காலிகளை இரண்டு பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வது போல நீயும் உன் அக்காவும் எங்களைப் பங்கிட்டிருக்கிறீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் ஆகாது. மேலும், இதே மாதிரியான செய்தி இங்கே லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் பல பேருக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இதை உனக்கு எழுதினாலும் உறையில் இட்டு ஒட்டாமல், விரும்பியவர் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் பெயருக்கு முன்னால் காலாவதித் தேதியைப் பார்க்கிற கண் என்னுடையது. அந்தப் பழக்கம் மருந்தோடு நிற்கவில்லை. எது என்றைக்கு நடந்தது என்பதில் நான் பிடிவாதம் பிடிப்பதாக உன் அம்மா குறைப்படுவாள். “ஊருல எல்லாத் தேதியும் இவுகளுக்கு மனப்பாடம், கல்யாணத் தேதியைத் தவிர” என்று அவள் வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னது உண்மையல்ல. ஒரே ஒரு வருடம்தான் மறந்தேன்.

உன் அம்மா உன் அக்காவின் பிரசவத்துக்காகப் பெங்களூருக்குப் போனது ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. போவதற்கு முன் ரசப்பொடி எது, சாம்பார்ப்பொடி எது, பருப்புக்கு எத்தனை விசில் என்று எல்லாவற்றையும் வகுப்பு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் தலையசைத்தேன். முதல் வாரம் ஒழுங்காகவே சமைத்தேன். ஆனால் ஒரே ஒருவருக்காகச் சமைப்பது எத்தகைய சோர்வு தரும் வேலை என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. ஒரு பிடி பருப்பு குக்கரில் அடிபிடிக்கும். வெட்டிய வெங்காயத்தின் மறுபாதி வாடும். ஒரு கத்தரிக்காயை நம்பி அடுப்பைப் பற்றவைக்கவே கை எழாது. இரண்டாவது வாரம் காலையில் வைத்த சோறே இரவுக்கும் ஆயிற்று. மூன்றாவது வாரம் நேற்றைய சோறே இன்றைக்கும் ஆயிற்று. பிறகு பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் ரஸ்க்கும் ஒரு வேளை உணவு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ ஞாயிறுதோறும் தொலைபேசியில் “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டபோது “ஆச்சு” என்றேன். அது பொய்யல்ல, எதைச் சாப்பிட்டேன் என்று நீ கேட்கவில்லை.

ஜூலை இருபத்துநாலு, வியாழக்கிழமை, காலையில் மழை கூரையை உடைத்துவிடும் போலப் பெய்தது. சிலிண்டர் தீர்ந்திருந்தது. சர்க்கரை நோய் மாத்திரையை வழக்கமான நேரத்தில் விழுங்கிவிட்டேன். சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சாப்பிடாமல் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று எத்தனை தொழிலாளர்களை விரல் நீட்டி அதட்டியவன் நான்! சற்று நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது, கை நடுங்கியது, எதிரே இருந்த காலண்டரின் தேதியே இரண்டாகத் தெரிந்தது. என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுக்கக் கால் வரவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டுக் குடையோடு வந்த செல்வராணிதான் என்னைத் தரையில் கண்டாள். மேல் லயத்தில் இருக்கிறவள், கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள், உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து தந்தவள். நம் அடுக்களையில் இருந்த மறையூர் வெல்ல உருண்டையை உடைத்து என் வாயில் வைத்து, நான் கண் திறக்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“காலையில என்னத்தச் சாப்ட்டிய, கம்பவுண்டரையா?”

“இட்லி” என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள், காலி சிலிண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எந்த ஓட்டல்ல? மழையில நீந்திப்போயி சாப்ட்டு வந்தியளாக்கும்!”

“சரி, நீ என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டேன், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

அவள் மீந்த வெல்லத்தைத் துணியில் முடிந்து வைத்தாள். “எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு” என்றாள் கடைசியில். “முந்தாநாத்து வச்ச புளிக்கொழம்பு கெடக்கு.”

அன்று எனக்குப் பயம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பயத்தைவிட அதிகமாக எனக்கு வந்தது ஒரு பழைய வேலைக்காரனின் ஆர்வம். உடம்பு தேறியதும் மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் வீடு வீடாகப் போய், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் இருக்கிறார்கள். தகப்பனோ தாயோ ஒருவர் இங்கே தனியாக இருக்கிறார். எல்லார் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ரஸ்க், நேற்றைய சோறு, ஊறுகாய், கட்டஞ்சாயா. ரத்த அழுத்தக்காரர்கள் உப்பு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழைய சோறு உண்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் பசியை இனிப்புச் சாயாவால் அடக்குகிறார்கள். மாத்திரைகள் மட்டும் தவறாமல் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுகின்றன. இங்கே பஞ்சம் இல்லை, சாமுவேல். ரேஷன் அரிசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்க ஒரு காரணம்தான் இல்லை.

அந்தக் காரணம் நம் சபைக் கோயிலின் பின்னறையில் அசனத்து அண்டாவாகக் கவிழ்ந்து கிடந்தது. அசனம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிற பொதுச் சாப்பாடு அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்த நம் முன்னோர்கள் உடன் கொண்டுவந்தது. அதற்கான அரிசியை யாரும் மொத்தமாக வாங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துப் பண்டிகைக்குக் கொடுப்போம். அரிசி கொடுத்த வீட்டிலிருந்து ஒருவராவது பந்தியில் வந்து உட்காரும்வரை பரிமாறுகிற கரண்டியைத் தொடக் கூடாது என்பது நம் சபையின் வழக்கம். நீ எட்டாம் வகுப்பில் இருந்த வருடம் ஒரு குடும்பம் வந்த பேருந்து குட்டிக்கானத்தில் நின்றுவிட, ஊரே இலைக்கு முன்னால் காத்துக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். பசி பொறுக்காமல் அப்பளக் கூடைக்குள் கையை விட்டு உன் அம்மாவிடம் அடி வாங்கினாய். வருடத்துக்கு ஒரு நாள் பயன்படும் அந்த அண்டா மற்ற நாளெல்லாம் பின்னறையில் தூங்குவானேன் என்று சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் கேட்டேன். பண்டிகைப் பாத்திரத்தைத் தினப்படி அடுப்பில் ஏற்றுவதா என்று முதலில் தயங்கினார். “நான் தரையில் கிடந்த அன்றைக்குப் பண்டிகை ஏதும் இல்லை” என்றேன். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை, பூட்டிக் கிடந்த பழைய குழந்தைகள் காப்பகத்தில் அடுப்பு மூட்டினோம். தோட்டத்து ஆபீசில் வாய்மொழியாக அனுமதி தந்திருந்தார்கள். மதியம் ஒரு வேளை மட்டும், ஞாயிறு நீங்கலாக. இங்கே சபையார் மட்டும் இல்லையே. பாதிப் பேர் மாரியம்மன் கோயில்காரர்கள். அவர்கள் சார்பில் கறுப்பையா அவர்களுடைய கோயில் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். தேயிலை பேக்டரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கம்பம் சந்தையில் அவரைத் தெரியாத காய்கறிக் கடைக்காரர் இல்லை. “உங்க அண்டாவுல பருப்பு, எங்க அண்டாவுல சோறு. ரெண்டு சாமியும் பேசி முடிச்சிக்கிடட்டும்” என்று அவற்றை அருகருகே வைத்தார். காய்கறியைக் கம்பத்திலிருந்து ஜீப்பில் வரவழைப்பது அவர் பொறுப்பு. சமையலுக்குத் தலைமை செல்வராணி. நறுக்குவது, கழுவுவது, பரிமாறுவது முறை வைத்து எல்லாருக்கும். எனக்குத் திங்கட்கிழமை முறை. வெண்டைக்காயை ஒரே அளவில் நறுக்கவேண்டும் என்று நான் சொன்னதற்காக, “இது மாத்திரை இல்ல, வெண்டைக்கா” என்று செல்வராணி என் கையிலிருந்து அரிவாள்மணையை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் நான் பாத்திரம் துலக்குகிறேன். இலவசச் சோறு தின்ன வரமாட்டோம் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவருகிறார்கள். தன் அரிசி அந்த அண்டாவில் இருக்கிறது என்கிற நிமிர்வோடுதான் ஒவ்வொருவரும் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தபோது அதைக் கெடுக்க ஒரு படித்த ஆள் தேவைப்பட்டது. அது நான்தான். கூட்டமாகச் சமைத்ததில் ருசி கூடியது. ருசி கூடியதில் உப்பும் எண்ணெயும் கூடின. சோறு மலையாகக் குவிந்தது. சர்க்கரைக்காரர்களும் அழுத்தக்காரர்களும் இப்படியே போனால் என்ன ஆவது என்று யோசித்து, செப்டம்பர் பதினைந்து, திங்கட்கிழமை முதல் அவர்களுக்கு என்று தனியாக ஒரு பானை வைத்தேன். நடுத்தரமான அலுமினியப் பானை. அதில் உப்புக் குறைந்த கஞ்சி, வேகவைத்த காய். அவர்கள் உட்காரச் சுவரோரம் தனி வரிசை. டிஸ்பென்சரியில் நோயாளிகளை இருமல் பக்கம், காய்ச்சல் பக்கம் என்று பிரித்து நிறுத்தியவனுக்கு அது மிகச் சரியான ஏற்பாடாகத் தோன்றியது. இரண்டாம் நாளே அதற்குச் ‘சீக்குப் பானை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வரிசையில் முதல் நாள் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் தங்களுக்குச் சர்க்கரையே இல்லை என்று சத்தியம் செய்து மற்ற வரிசைக்குப் போனார்கள். நானும் அந்த மற்ற வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், சாமுவேல். நிர்வாகம் பார்க்கிறவன் அண்டாவுக்கு அருகில் இருக்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன்.

கறுப்பையா வேறு மாதிரி. அவருக்கு வலது காலில் ஆறாத புண் ஒன்று உண்டு. சர்க்கரை ஏறினால் அது சிவக்கும். முதல் நாள் நான் சுவரோர வரிசையைக் காட்டியபோது போய் உட்கார்ந்து, கஞ்சியைக் குடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கம்பத்துக் காய்கறி மட்டும் ஒழுங்காக வந்தது. கோபித்துக்கொண்டிருப்பார், தணிந்ததும் வருவார் என்று நான் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, செப்டம்பர் இருபத்துநாலு. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, இலை போட்டாயிற்று, செல்வராணி கரண்டியை எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன தாமதம்?” என்றேன்.

“ஒரு வீடு வரல.”

“எந்த வீடு?”

“கறுப்பையா அண்ணாச்சி வீடு. தெனமும் எங்கிட்ட ஒரு பிடி அரிசி குடுத்து விடுதாவ. நானும் வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆளு வரல, அரிசி வருது. அவுக அரிசியை நாம தின்னுக்கிட்டு இருக்கோம். அசனத்துல என்னைக்காச்சும் இப்படி நடந்திருக்கா?”

“இது அசனம் அல்ல. தினப்படிச் சாப்பாடு.”

“அண்டா அசனத்து அண்டாதான?” என்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. “அரிசி குடுத்த வீடு வராம கரண்டியத் தொடமாட்டேன். பசிச்சா எல்லாரும் ஒங்களப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்.”

அந்த வரிசையில் மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். தரையில் கிடந்த ஜூலை மாதத்து வியாழக்கிழமை எனக்கு நினைவு வந்தது. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். கறுப்பையா கட்டிலில் இருந்தார். கால் வீங்கியிருந்தது, கட்டுத் துணியைப் பார்த்ததுமே இரண்டு நாளாக மாற்றவில்லை என்று தெரிந்தது. தலைமாட்டில் ஒரு ரஸ்க் பொட்டலம்.

“வாரும், கம்பவுண்டரே. சீக்குக் கணக்கெடுக்க வந்தீரா?”

“சாப்பிட வாரும். உமக்காகப் பந்தி நிற்கிறது.”

“எனக்குத்தான் தனிப் பானையாச்சே. அதுல யாரும் கைவைக்கமாட்டாவ. மெதுவா வாரேன்.”

“உம் உடம்புக்காகத்தானே அதை வைத்தேன்.”

“சரி. ஒமக்குச் சர்க்கரை இருக்கா, இல்லியா?”

“இருக்கிறது.”

“நீரு எந்தப் பானையில சாப்டுதீரு?”

நான் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க அண்டாவ நாந்தான தலையில தூக்கியாந்தேன், வே” என்றார் கடைசியில், குரல் இறங்கி. “அதுல வேகுற சோத்த ஒருநாளாச்சும் திங்கக் கூடாதா? உப்பக் கொறைக்கணும்னா எல்லாருக்கும் கொறையும். ஒரு வீட்டுல தகப்பனுக்குச் சர்க்கரைன்னா தாயி ரெண்டு கொழம்பா வைக்கா?”

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதை வாயால் சொல்வதில் பயனில்லை. அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினோம். காப்பகத்துக்குள் நுழைந்ததும் சுவரோரத்தில் இருந்த அலுமினியப் பானையை எல்லாரும் பார்க்க எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் கவிழ்த்தேன். “ஏன் கம்பவுண்டரையா, ஒரே நாள்ல எல்லாருக்கும் சீக்கு தீந்துருச்சா?” என்று செல்வராணி கேட்டாள். “இல்லை, எல்லாருக்கும் வந்துவிட்டது” என்றேன். அதற்கு எழுந்த சிரிப்பில் கறுப்பையாவின் சிரிப்புதான் பெரியது. அவர் உட்கார்ந்த பிறகே கரண்டி எழுந்தது.

அன்று முதல் ஒரே சமையல். கொள்ளு, பாசிப்பயறு, கீரை, பீன்ஸ் என்று காய் முதலில் இலைக்கு வரும். சோறு பிறகு வரும். வயிறு பாதி நிறைந்த ஆளுக்குச் சோறு தானாகவே குறையும். உப்பைக் குறைத்த இடத்தை நம் மலை மிளகும் எலுமிச்சையும் நிரப்பின. கூடுதல் உப்பு வேண்டுமென்றால் யாரும் தடுப்பதில்லை. உப்புக் கிண்ணம் அறையின் மறுகோடியில் ஜன்னலில் இருக்கிறது. உட்கார்ந்த முழங்காலை நிமிர்த்தி அதுவரை நடந்து வருகிற அளவுக்கு உப்பு யாருக்கும் அவசியமாக இருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள். அதன்பின் நாக்கு பழகிவிட்டது. கீழ் லயத்துக் கொழுந்து கிள்ளுகிற பெண்களும் இப்போது மதியச் சங்கு ஊதியதும் தங்கள் ஒரு பிடி அரிசியோடு வந்துவிடுகிறார்கள்; அவர்களில் சிலருக்கு ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்துக் கொடுத்துச் சலித்தவன் நான். இன்று அவர்கள் இலையில் முருங்கைக்கீரை இருப்பதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் துலக்குகிறேன். சோறு மருந்தாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. மருந்து தன் வேலையைச் செய்ய நேரம் தவறாத ஒரு வேளைச் சோறு வேண்டும். அந்தச் சோறு நேரம் தவறாமல் இருக்க, நமக்காகக் காத்திருக்க யாராவது வேண்டும். கறுப்பையாவின் கால் ஆஸ்பத்திரியில் கட்டியதாலும் ஊசியாலும்தான் ஆறியது. ஆனால் கட்டு மாற்றப் போகாத நாளில் மதியத்துக்குள் அதைக் கண்டுபிடித்து விரட்டியது இந்தப் பந்தி. இங்கே ஒரு இலை காலியாக இருந்தால் கரண்டி எழாது. கரண்டி எழாவிட்டால் யாராவது குடையை எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். அப்படி ஒரு ஏற்பாடு ஜூன் மாதம் எனக்கு இருந்திருந்தால் ஜூலை மாதம் நான் தரையில் கிடந்திருக்கமாட்டேன். என்னுடைய சர்க்கரை இப்போது எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்கிறது. நம்பாவிட்டால் ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேள். முன்பு என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குவார், இப்போது ஊறுகாய் போடுவது எப்படி என்று என்னிடமே கேட்கிறார். எனக்கு ஊறுகாய் போடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இனி உன்னிடம் வருகிறேன். நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை, கண் பரிசோதனைக்காக உன் வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தேன். மிக நன்றாகக் கவனித்துக்கொண்டாய். எனக்கு வேண்டியதெல்லாம் வாசலுக்கு வந்தது. உன் சாப்பாட்டு மேஜையின் மேல் துவைத்த துணியும் மடிக்கணினியும் இருந்தன. அங்கே நாற்காலி நான்கு, அவற்றில் ஒன்றில் மட்டும் தூசி இல்லை. நீ அலுவலகத்திலிருந்து வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, நின்றபடியே, கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். பொட்டலத்தின் மேலிருந்த சீட்டைத் திருப்பிப் படித்துவிட்டு என்னிடம் சொன்னாய். மறுநாள் தலைவலித் தைலம் தேடி உன் மேஜை இழுப்பறையைத் திறந்தபோது ஒரு மாத்திரை அட்டை இருந்தது. காலாவதித் தேதியைப் பார்க்கிற பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. மருந்தின் பெயரையும் படித்தேன். ரத்த அழுத்தத்துக்கு அந்த மாத்திரையை எத்தனை பேருக்கு என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! அட்டையில் பாதி தீர்ந்திருந்தது. இந்த வயதில் அதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள், எப்போதிருந்து போடுகிறாய், எனக்கும் அம்மாவுக்கும் ஏன் சொல்லவில்லை என்று அன்றே கேட்டிருக்கலாம். அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் “ஆச்சு” என்று பதில் சொல்லும் குடும்பத்தில் நீயும் சேர்ந்துவிட்டாய் என்று மட்டும் நினைத்தேன்.

ஆகவே நீ என்னை அங்கே வரச் சொல்வது, ஒரு தனி இலைக்குப் பக்கத்தில் இன்னொரு தனி இலையைப் போடுவதுதான். உன் பக்கத்தில் இருந்தால் நான் பத்திரமாக இருப்பேன் என்று நினைக்கிறாய். பகல் முழுவதும் நான் அந்தப் பதினோராவது மாடியில் இருப்பேன், நீ அலுவலகத்தில் இருப்பாய். என் தட்டு காலியாக இருந்தால் யார் குடையை எடுத்துக்கொண்டு ஏறுவார்கள்? இங்கே என் இலை காலியானால் ஒரு ஊரே சாப்பிடாமல் நிற்கும். அதைவிடப் பெரிய பத்திரம் எனக்குத் தேவையில்லை. உன் அம்மாவிடமும் இதையெல்லாம் நேற்று தொலைபேசியில் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான் ஜூன்ல வந்திருவேன். எனக்கு அங்க ஒரு எலை உண்டா, இல்ல சீக்குப் பானையா?” என்றாள். அவளுடைய முறை எந்தக் கிழமை என்பதை இங்கே ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். செல்வராணி ரசத்தை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். ஆக, நீங்கள் இருவரும் பங்கிட்ட நாற்காலிகள் இரண்டும் வருகிற ஜூனில் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். இதில் வருந்த எதுவும் இல்லை.

ஆனால் நீ அனுப்பிய சீட்டை நான் வீணாக்கப் போவதில்லை. ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை, புறப்பட்டு வருகிறேன். திரும்புகிற சீட்டை நானே எடுத்துவிட்டேன்: பிப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள், பாத்திரம் துலக்குவது என் முறை. நான் வருவதற்கு முன் நீ செய்யவேண்டியது ஒன்று உண்டு. உன் தளத்தில் இருக்கிற கதவுகளைத் தட்டு. உனக்கு எதிர் வீட்டில் ஒரு வயதான தம்பதி இருப்பதை நான் மூன்று நாளில் அறிந்துகொண்டேன். மூன்று வருடமாக அங்கே இருக்கும் நீ அவர்கள் பெயரைச் சொல்ல முடியாமல் விழித்தாய். அதற்கு அடுத்த வீட்டில் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். காலணிகளைப் பார்த்தே அவர்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் என்று தெரிகிறது. விருந்து என்று சொல்லாதே, பயந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு குழம்பு, ஒரு கூட்டு, சோறு என்று சொல். தயங்கினால் அவரவர் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி மட்டும் கேள். அரிசி கொடுத்தவர்கள் சாப்பிட வந்தே தீருவார்கள். மேஜையின் மேலிருக்கும் துணியை மடித்து வை. நாற்காலிகளைத் துடை.

பாத்திரத்துக்குக் கவலைப்படாதே. அன்றைக்குப் பின்கட்டில் கவிழ்த்த அந்த அலுமினியப் பானை இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கே அதற்கு வேலை இல்லை. உன் தளத்துக்கு அளவு மிகச் சரியாக இருக்கும். நேற்று அதைப் புளி போட்டு நானே துலக்கினேன். கறுப்பையா அதில் பீன்ஸும் கொத்தமல்லியும் நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “பானையப் பத்திரமா கொண்டு போம், ஆனா அதுக்கு இங்க வச்ச பேர அங்க சொல்லிராதேயும்” என்றார். அதன் பழைய பெயர் அங்கே உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணிக்குப் பந்தி. அதற்கு முன்னால் என் மாத்திரையைப் போட்டுவிடுவேன். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, சற்று நேரமாகும், நீங்கள் ஆரம்பியுங்கள் என்று நீ சொல்லக்கூடும். சொல்லிப் பார். எதிர் வீட்டுத் தம்பதியும் அந்தப் பெண்களும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரை போட்ட கிழவன் கரண்டியைத் தொடாமல் நின்றுகொண்டிருப்பான். ஏனென்றால் அந்தப் பானையில் முதல் பிடி அரிசி உன் வீட்டினுடையதாக இருக்கும்.

உனக்காகக் காத்திருக்கும்,
அப்பா.